ச்சாவ் என்றால் 'அடிமை'யா?

தூரின் மாணவன்:
மாலை வகுப்பில் இத்தாலியன் படிக்கிறேன். இங்கே நண்பர்கள் சந்திக்கும்போதும் பிரியும்போதும் சொல்கிற 'ச்சாவ்' (தமிழ்க் காதுக்கு அபசகுனமாக இருக்கிறது, என்ன செய்வது!) என்ற சொல்லுக்கு மூலப்பொருள் 'அடிமை' என்று கூட வேலை பார்ப்பவர் சொல்கிறார். கதை விடுகிறாரா? இப்படி வேறு சொற்கள் இருந்தாலும் சொல்லுங்கள். பின்னணி தெரிந்தால் எனக்குச் சட்டென்று மனதில் நிற்கும்.

மெஸ்த்ரேக்காரன்:
கதை இல்லை. வெனிஸ் பேச்சில் 'ஸ்-ச்சாவோ' என்றால் அடிமை. "உங்கள் அடிமை" என்று கும்பிட்டுச் சொன்னது தேய்ந்து ச்சாவ் ஆனது. நம்மவர்கள் 'அடியேன்' என்றது மாதிரிதான். ஆனால் இன்று அதை நெருங்கியவர்களிடம் மட்டுமே சொல்லலாம். ஆசிரியரிடமும் முன்பின் தெரியாத பெரியவரிடமும் 'புவோன்ஜோர்னோ' (நல்ல நாள், அதாவது வணக்கம்) சொல்லிவிடுங்கள்.

நான் வெனிசில் ஓட்டல் வேலை பார்க்கிறேன், அதனால் ஊர்ப்பெருமை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். துறைமுக ஊர் அல்லவா, சரக்கோடு சொல்லும் ஏறி இறங்கியது. 'குவாரந்தா' என்றால் 40. கொள்ளைநோய்க்குப் பயந்து கப்பல்களை 40 நாள் ஒதுக்கி வைத்ததால் 'குவாரந்தேனா', ஆங்கிலத்தில் குவாரன்டீன். இதற்கு முன்னோடி எதிர்க்கரையில் இருந்த ரகூசா, இன்றைய துப்ரோவ்னிக். 1377இல் அங்கே வைத்த கெடு 30 நாள்தான்.

ஒரு சமூகத்தாரை ஒதுக்கி வைக்கும் குடியிருப்பைக் குறிக்கும் 'கெட்டோ'வும் இங்கே பிறந்ததுதான். 1516இல் யூதர்களைக் கன்னரேஜோ பகுதியில் ஒரு தீவுக்குள் அடைத்து, இரவில் வாயிலைப் பூட்டினார்கள். அங்கே முன்பு உலோக வார்ப்புப் பட்டறை இருந்தது. அதன் பெயர் 'கெத்தோ'. பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் இது. அந்த வீடுகளை ஒருமுறை பாருங்கள். பக்கவாட்டில் இடம் கிடையாது என்பதால் மேலே மேலே கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு மாடியிலும் உள்கூரை தாழ்ந்து, ஜன்னல் வரிசைகள் நெருக்கியடித்து நிற்கும்.

பலெர்மோ அக்கா:
தம்பி, வெனிசை விட்டு அடுப்படிக்கு வாருங்கள். 'ஜென்ஸெரோ' என்றால் இஞ்சி. லத்தீன், கிரேக்கம், பிராகிருதம் என்று பின்னால் போனால் நம்முடைய இஞ்சிவேரில் வந்து நிற்கும். 'அரான்சா' ஆரஞ்சு, அரபியின் 'நாரஞ்ச்' வழியாக வந்தது, நம் நாரத்தைக்குச் சொந்தம். முதலில் இருந்த 'ந' உதிர்ந்துவிட்டது.

அப்புறம் ஒரு எச்சரிக்கை: காரத் தொத்திறைச்சி வரும் என்று நினைத்து இங்கே பெப்பெரோனி பீட்சா கேட்டால் குடைமிளகாய்தான் வரும். காபி என்று நினைத்து 'லாத்தே' கேட்டால் வெறும் பால்.

தூரின் மாணவன்:
லாத்தேயில் ஏற்கெனவே மாட்டிக்கொண்டேன் அக்கா! சரி, வங்கிக்குச் சொல்லும் 'பாங்கா'?

மெஸ்த்ரேக்காரன்:
பலகை. காசு மாற்றுபவர் தெருவில் போட்டு உட்கார்ந்த 'பாங்கோ'. 'பாங்காரோத்தா', அதாவது உடைந்த பலகை என்றால் திவால்.