புதுப்பிப்பு: 6 அடி முகத்தில் கண்கள் கோணலாக வந்தது சரியாகிவிட்டது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அம்மாச்சியின் பழைய போட்டோவை 6 அடி கேன்வாஸில் வரைகையில் கண்கள் ஒரே மட்டத்தில் நிற்கவில்லை என்று கேட்டிருந்தேன்.

கைகொடுத்தது கட்டம் போடும் யோசனைதான். 9 அங்குல உயரப் பிரிண்டில் அரை அங்குலக் கட்டம். கேன்வாஸில் சாக்பீஸ் தூள் தடவிய நூலைச் சுண்டி 4 அங்குலக் கட்டம். பிரிண்டின் ஒவ்வொரு கட்டத்தில் இருப்பதையும் கேன்வாஸின் அதே கட்டத்தில் வரைந்தேன். (1968-இல் அமெரிக்க ஓவியர் சக் க்ளோஸ் தன் 9 அடி சுய உருவப்படத்தை வரைந்ததும் கட்டம் போட்டுத்தான்.) புரொஜெக்டரில் போட்டோவைக் கேன்வாஸ் மேல் விழவைத்து வரைவது எனக்குச் சரிவரவில்லை, கொஞ்சம் சாய்ந்தாலும் தாடை நீண்டுவிடுகிறது.

எதிர்பாராதது கன்னம். இவ்வளவு பெரிய பரப்பில் நிழலை இழைப்பதற்குள் அக்ரிலிக் காய்ந்து திட்டுத் திட்டாகிவிட்டது. ரிடார்டர் (பெயிண்ட் காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) கொஞ்சம் கலந்ததும் இழைந்தது. அதிகம் ஊற்றாதீர்கள், பிசுபிசுப்பு போகாது. அப்புறம், கண்ணின் வெளிச்சப் புள்ளிக்கு விளிம்பை மழுக்கிவிடுங்கள்; கூராக விட்டால் பொட்டு ஒட்டியது போலிருக்கிறது.