ஆடிட்டர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் என் டி.எஸ்.சி. (டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ்) இன்னும் தெரிகிறது, காப்பி எடுத்திருப்பார்களா?

ஆத்தூர் சேகோ:
வணக்கம். ஆத்தூர் பக்கம் சேகோ பேக்டரி வைத்திருக்கிறோம். பிரைவேட் லிமிடெட், நானும் தம்பியும் டைரக்டர்கள். ஜி.எஸ்.டி., எம்.சி.ஏ. (மத்திய கம்பெனி விவகார அமைச்சகம்) எல்லாவற்றுக்கும் என் டி.எஸ்.சி. இருக்கும் யு.எஸ்.பி. டோக்கன்தான். வாங்கியதிலிருந்து அது சேலத்தில் ஆடிட்டர் ஆபீசிலேயே இருந்தது. ஒரு டெண்டருக்காகத் திரும்ப வாங்கப் போனேன். டிராயரை இழுத்தால் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய டோக்கன்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளை ஸ்டிக்கர், அதில் பார்ட்டி பெயர், பெயருக்குக் கீழேயே பின் நம்பர். கண்ணில் பட்டதில் பாதிக்கு மேல் 12345678. என்னுடையதும் அதுதான்.

டோக்கனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டாச்சு. அங்கிருந்த பையன் வேறு யாருக்கோ கையெழுத்துப் போட கம்ப்யூட்டரில் சான்றிதழ் லிஸ்ட்டைத் திறக்கிறான், அதில் என் பெயரும் நிற்கிறது! திறந்து காட்டச் சொன்னேன். இந்தச் சான்றிதழுக்கான பிரைவேட் கீ (கையெழுத்துப் போடும் ரகசியச் சாவி) உங்களிடம் இருக்கிறது என்கிறது விண்டோஸ். அப்போ காப்பி எடுத்து வைத்திருக்கிறார்களா? அப்பா காலத்து ஆடிட்டர், சந்தேகப்பட மனசு வரவில்லை. ஆனால் தூக்கமும் வரவில்லை. குச்சிக்கிழங்கு வரத்து ஆரம்பித்துவிட்டது, பேங்கில் ஓ.டி. (ஓவர்டிராப்ட் கடன்) வரம்பை உயர்த்தக் கேட்டிருக்கிறோம். இந்த நேரத்தில் இது வேறு.

ஐந்துரோட்டான்:
சார், டி.எஸ்.சி. போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இந்தக் கேள்வியோடு கடைக்கு வருகிறவர்கள் நிறைய. காப்பி எடுக்கவில்லை, டோக்கனில் இருந்து எடுக்கவும் முடியாது.

டோக்கனைச் செருகியதும் விண்டோஸ் அதிலுள்ள சான்றிதழைத் தன் லிஸ்ட்டில் எழுதிக்கொள்கிறது. சான்றிதழ் என்பது உங்கள் பெயர், கையெழுத்தைச் சரிபார்க்கும் பப்ளிக் கீ, கொடுத்த நிறுவனம், காலாவதி தேதி. இதெல்லாம் ஊருக்கே தெரியலாம், நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு பி.டி.எப்.பிலும் இருக்கிறது. கூடவே 'இதன் கீ இந்த மாதிரி டோக்கனில்' என்று ஒரு குறிப்பும் வைத்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பை வைத்துத்தான் 'கீ உங்களிடம் இருக்கிறது' என்று பீற்றுகிறது. சில டோக்கன் சாப்ட்வேர் உருவியதும் பெயரை எடுத்துவிடும், சிலது அப்படியே விட்டுவிடும். அந்தப் பையனிடம் உங்கள் பெயரைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். டோக்கனைச் செருகு என்று கேட்கும், அங்கேயே நின்றுவிடும்.

பிரைவேட் கீ டோக்கனின் சிப்புக்குள்ளேயே உருவாகிறது, வெளியே வரும் வழியே அதற்குக் கிடையாது. கையெழுத்துப் போடும்போது உங்கள் ரிட்டர்ன் முழுசும் உள்ளே போவதில்லை. எஸ்.ஹெச்.ஏ.-256 என்ற முறையில் அதைச் சுருக்கிக் கணக்குப் போட்டு வந்த 32 பைட் மட்டும் போகும். சிப் அதை ஆர்.எஸ்.ஏ. 2048 கீயால் முத்திரையிட்டு 256 பைட்டாகத் திருப்பித் தரும். கம்ப்யூட்டர் பார்ப்பது அவ்வளவுதான். பி.எப்.எக்ஸ். கோப்பாகக் கொடுக்கப்பட்ட கீ என்றால் கதையே வேறு, அதைப் பென் டிரைவில் யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போகலாம். உங்களுடையது டோக்கன், அந்தக் கவலை இல்லை.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறு இடத்தில். கீயைத் திருட வேண்டியதே இல்லையே. டோக்கனும் பின்னும் ஒரே ஸ்டிக்கரில் இருந்தால், அந்த ஆபீசில் சம்பளப் பாக்கியோடு வேலையை விடும் ஒரு ஆள் போதும். கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக் புத்தகத்தை அடுத்தவர் மேசையில் விட்டுவைத்த கதைதான். டோக்கனுக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் கிடையாது. எதில் எப்போது கையெழுத்தானது என்று அதைக் கேட்டால் சொல்லாது. அதனால் எம்.சி.ஏ. தளத்தில் உங்கள் கம்பெனியின் பொது ஆவணங்களை எடுத்துப் பாருங்கள். டைரக்டர் மாற்றம், சி.ஹெச்.ஜி.-1 இரண்டும் முக்கியம். சொத்தின் மேல் பேங்க் சார்ஜ் (கடனுக்கு ஈடான உரிமை) பதிவது அந்தப் படிவத்தில்தான், ஓ.டி. கேட்டிருக்கிறீர்கள் என்பதால் எப்படியும் பேங்கும் அதைத்தான் பார்க்கும்.

பின்னை இன்றைக்கே மாற்றுங்கள். ஸ்டிக்கரில் இருக்கும் பின் வேலை செய்யவில்லை என்றால் ஊகித்து ஊகித்து அடிக்காதீர்கள். தொடர்ந்து தப்பானால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். அப்புறம் இனிஷியலைஸ் செய்தால் கீயே அழிந்துவிடும், புதுசுதான் வாங்க வேண்டும்.

தெரியாத படிவம் ஏதாவது கண்ணில் பட்டால் அந்த மணி நேரமே சான்றிதழ் கொடுத்த நிறுவனத்துக்குச் சொல்லி ரத்து செய்யுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 42 இதைப் பற்றித்தான். கீயைக் காப்பது உங்கள் பொறுப்பு, அது கைவிட்டுப் போனதை அவர்களுக்குத் தெரிவிக்கும்வரை பொறுப்பாளி நீங்களேதான். ஒன்றும் இல்லை என்றால் ரத்து தேவையில்லை, பின் மாற்றினாலே போதும் என்பது என் கருத்து.

செவ்வாய்ப்பேட்டை கணக்கு:
ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்ப்பவன் பேசுகிறேன். டப்பாவைப் பார்த்து எல்லாரும் சிரிக்கலாம். 20ஆம் தேதி ராத்திரி 3பி (மாதாந்திர ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்) போட ஓனருக்கு அடித்தால் போன் எடுக்க மாட்டார், அதுதான் டப்பா வந்த வரலாறு. இங்கே கொலுசுப் பட்டறைக்காரர்கள் முக்கால்வாசி தனி ஓனர்கள், ஓ.டி.பி.யில் முடிந்துவிடும். கம்பெனிக்கு டி.எஸ்.சி. கட்டாயம், நாங்கள் என்னதான் செய்வது? 'நீங்களே வெச்சுக்கங்க சார்' என்று மேசையில் தூக்கிப் போட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். பின்னை ஸ்டிக்கரில் எழுதுவது தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

ஏற்காடு மிளகு:
எங்கள் எஸ்டேட் கம்பெனியின் டோக்கன் வீட்டு பீரோவில்தான். ஒவ்வொரு கையெழுத்துக்கும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் வர முடியுமா? ஆடிட்டர் ஆபீஸ் எனிடெஸ்க்கில் (தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் சாப்ட்வேர்) என் லேப்டாப்புக்குள் வந்து எல்லாம் நிரப்பி வைப்பார்கள். நான் படித்துப் பார்த்துவிட்டு டோக்கனைச் செருகிப் பின் அடிப்பேன், ஆனதும் உருவிவிடுவேன். கரண்ட் போனால்தான் தகராறு. ஏற்காட்டில் மழை பெய்தால் கரண்ட் எப்போது போகும் என்று உங்களுக்குத் தெரியாததா?

ஐந்துரோட்டான்:
உருவுவதுதான் முக்கியம், ஏற்காட்டுக்காரரே. பின் அடித்த பிறகு பல சாப்ட்வேர்கள் அந்த அமர்வு முடியும்வரை திரும்பக் கேட்காது. டோக்கன் செருகியபடியே இருந்தால் கம்ப்யூட்டரில் புகுந்திருக்கும் வைரஸும் உங்கள் பெயரில் கையெழுத்துக் கேட்கலாம், சிப் மறுக்காமல் போட்டுக் கொடுக்கும்.

செவ்வாய்ப்பேட்டைக்காரர் சொல்வதும் நியாயம். அதற்கு ஜி.எஸ்.டி. தளத்திலேயே வழி இருக்கிறது. பேக்டரி மேனேஜரை அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரராகச் சேர்த்து, அவர் பெயரிலேயே தனி டி.எஸ்.சி. எடுங்கள். மாதாமாதம் ரிட்டர்னுக்கு அவருடையது ஓடட்டும். டைரக்டர் டோக்கன் எம்.சி.ஏ.வுக்கு மட்டும், உங்கள் பூட்டுக்குள். செலவு ஒரு டோக்கன், ஒரு சான்றிதழ், ஒரு போர்டு தீர்மானம்.

ஆத்தூர் சேகோ:
பின் மாற்றியாச்சு, எம்.சி.ஏ.விலும் வம்பு ஒன்றும் இல்லை. ரொம்ப நன்றிங்க. மேனேஜர் வேலையை விட்டுப் போனால்?

ஐந்துரோட்டான்:
டோக்கனை வாங்கி வைத்தால் மட்டும் போதாது. முதலில் ஜி.எஸ்.டி. தளத்தில் அவர் பெயரை எடுங்கள், கம்பெனி பெயர் போட்ட சான்றிதழ் என்றால் ரத்து செய்யவும் எழுதிக் கொடுங்கள். புது ஆளுக்குப் புது டி.எஸ்.சி., அதைத் தளத்தில் மறுபடி பதிய வேண்டும். 20ஆம் தேதிக்கு முந்தின நாள் இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள்.