வெங்காய வேரும் காரட் தலையும்: கிளாஸ் தண்ணீரில் எது பயிர்?

மாடிப்பந்தல்:
காரட் தலையை கிளாஸ் தண்ணீரில் நிறுத்தி, "கழிவிலிருந்து காய்கறித் தோட்டம்" என்று படம் போடுகிறவர்கள் ஒன்றைச் சொல்வதே இல்லை. அதில் காரட் வராது. நாம் சாப்பிடுவது அதன் ஆணிவேர், அதை வெட்டியாயிற்று. தலையில் இருக்கும் குருத்து, ஒட்டியிருக்கிற சதையின் மிச்சச் சத்தைத் தின்றுதான் இலை விடுகிறது. அது தீர்ந்ததும் வெட்டுவாய் கறுத்து, தண்ணீர் வழவழப்பாகி நாறும். பீட்ரூட்டும் முள்ளங்கியும் இப்படித்தான். ஆசையாக ஆரம்பிக்கிறவர்கள் இரண்டு வாரத்தில் "நமக்குக் கைராசி இல்லை" என்று தொட்டியைக் கவிழ்த்துவிடுகிறார்கள். இதற்குப் பதில் அஞ்சறைப்பெட்டியிலிருந்து ஒரு ஸ்பூன் வெந்தயத்தை எடுத்துத் தூவினால் மூன்று நாலு நாளில் முளைக்கும், 25 நாளில் கீரை பறிக்கலாம்.

கீரைப்பாத்தி:
காரட்டில் நீங்கள் சொல்வது சரி நண்பரே. அதை வைத்து மற்றதையெல்லாம் தள்ளுவதுதான் சரியில்லை. குருத்து மட்டும் இருக்கிறதா, வேரோ கணுவோ சேர்ந்து இருக்கிறதா என்று பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

வெங்காயத்தாளை வேரோடு மூன்று நாலு சென்டிமீட்டர் விட்டு நறுக்குங்கள். வேர் மட்டும் நனைகிற அளவு தண்ணீர் போதும். தண்டு முங்கினால் அழுகிவிடும். ஒரு வாரம், பத்து நாளில் முதல் அறுப்பு. புதினாவில் கட்டையான தண்டாகப் பார்த்து ஒரு சாண் எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு தண்ணீருக்குள் இருக்கும்படி வைத்தால் பத்து நாளைக்குள் கணுவிலிருந்து வெள்ளை நூலாக வேர் இறங்கும். பொன்னாங்கண்ணிக்கு கிளாஸே வேண்டாம், ஆய்ந்து மிஞ்சின தண்டை ஈர மண்ணில் படுக்கப்போட்டு மூடினாலே பிடித்துக்கொள்ளும்.

மாடிப்பந்தல்:
வெங்காயத்தாளின் இரண்டாம் அறுப்பைப் பாருங்கள். தாள் நூலாக மெலிந்து, வெளுத்து, காரமே இல்லாமல் வரும். வெறும் தண்ணீரில் தழைச்சத்து எங்கிருந்து வரும்? இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் போதும். முட்டை, கிளாஸின் உள்சுவரில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். தண்ணீரை மட்டும் கொட்டினால் போகாது, தேய்த்துக் கழுவ வேண்டும்.

கீரைப்பாத்தி:
ஒப்புக்கொள்கிறேன். இரண்டு நாளைக்கொரு தடவை தண்ணீர் மாற்றி, கிளாஸையும் தேய்க்க வேண்டும். முதல் அறுப்பு முடிந்த கையோடு மண்ணுக்கு மாற்றியும் விட வேண்டும். செம்மண், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு போட்டால் தாள் மெலியாது.

சின்ன வெங்காயத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? கூடையில் முளை விட்டதைத் தூக்கிப்போடுகிறோம். பெரம்பலூர், திண்டுக்கல் பக்கம் விவசாயிகளே விதை வெங்காயம் என்று காயைத்தானே ஊன்றுகிறார்கள்! முளை மேலே பார்க்க, நுனி மண்மட்டத்தில் தெரிய, நாலு விரல் இடைவெளியில் ஊன்றினால் ஒன்று ஐந்தாறாகப் பிரியும். தாள் மடங்கிக் காய ஆரம்பித்தால் பிடுங்கலாம், பெரும்பாலும் 65 முதல் 70 நாள். நீர் தேங்கினால் மட்டும் காரியம் கெட்டது.

மஞ்சள்கிழங்கு:
சின்ன வெங்காயம் சரி. இஞ்சிக்கு அதே தைரியம் கூடாது. கடை இஞ்சியை அப்படியே புதைக்கச் சொல்லாதீர்கள். மென்னழுகல் நோயும் வாடல் நோயும் கிழங்கோடு வரும், அந்த மண் பிறகு இஞ்சிக்கும் மஞ்சளுக்கும் ஆகாது.

கீரைப்பாத்தி:
அதற்காக விட்டுவிட வேண்டியதில்லை. சுருங்காத, மொட்டு தடித்த கிழங்காகப் பார்த்து, துண்டுக்கு ஒரு மொட்டாவது இருக்கும்படி 25 கிராம் அளவில் உடைத்து, வெட்டுவாய் காய ஒரு நாள் நிழலில் வையுங்கள். தொழுவுரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் நடலாம். சித்திரை, வைகாசியில் நட்டால் எட்டு மாதத்தில் கிழங்கு. மற்ற செடிகளோடு சேர்க்காமல் தனிப் பையில் வைத்தால் போதும்.

மஞ்சள்கிழங்கு:
தனிப் பை என்றால் சரி. ஆனால் டிரைக்கோடெர்மா மென்னழுகலைத்தான் தடுக்கும். வாடல் நோய் பாக்டீரியாவால் வருவது, அதற்கு இது உதவாது. இலை மஞ்சளாகித் தொங்கினால் தண்டை அடியில் வெட்டி, தெளிந்த தண்ணீரில் வெட்டுவாய் கீழே இருக்கும்படி அசைக்காமல் பிடித்துப் பாருங்கள். பால் மாதிரி வெள்ளை இழை இறங்கினால் வாடல் நோய்தான். செடியையும் மண்ணையும் பையோடு அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போட்டுவிடாதீர்கள்.

மாடிப்பந்தல்:
பூண்டையும் பட்டியலில் சேர்த்துவிடுவீர்களோ என்று கேட்டுவைக்கிறேன். சமவெளிச் சூட்டில் அது பல் பிரியாது.

கீரைப்பாத்தி:
பூண்டுக்காக யாரும் நட வேண்டாம். குளிர் கிடைக்கிற கொடைக்கானல், ஊட்டிக்கு அது. சென்னையில் முளைத்த பல்லை ஊன்றினால் தாள் வரும், ரசத்துக்குக் கிள்ளிப்போடலாம், அவ்வளவுதான்.