பழைய எக்ஸ்டி கணினியில் 1.44 டிரைவ் போட முடியுமா?

புதுக்கிராணி, சுங்கை சிப்புட்:
தோட்ட ஆபிசிலிருந்து வந்த எக்ஸ்டி குளோன் (ஐபிஎம் எக்ஸ்டியைப் போலவே வேறு கம்பெனி செய்த கணினி) ஒன்று கைவசம் இருக்கிறது. 8088 சிப், 640 கிலோபைட் மெமரி, 360 கிலோபைட் 5.25 அங்குல டிரைவ் இரண்டு, எம்எஸ்-டாஸ் 3.3. ஹார்ட் டிஸ்க் இல்லை. பழைய செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவு) கணக்கெல்லாம் 40 பிளாப்பியில் கிடக்கிறது. பி டிரைவைக் கழற்றிவிட்டு 3.5 அங்குல 1.44 மெகாபைட் டிரைவைப் போட்டு, அதில் நகல் எடுத்து லேப்டாப்புக்கு மாற்றலாம் என்று நினைக்கிறேன். பழைய பென்டியத்திலிருந்து கழற்றிய டிரைவ் ஒன்று இருக்கிறது. அப்படியே மாட்டினால் ஓடுமா?

செம்பனை:
ஓடும், ஆனால் 720 கிலோபைட்டாகத்தான் ஓடும். எக்ஸ்டியில் டிரைவை இயக்கும் கண்ட்ரோலர் கார்டு நொடிக்கு 250 கிலோபிட் வேகத்தைத் தாண்டாது. 1.44-க்கு 500 வேண்டும். டிரைவ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கார்டு விடாது.

உங்கள் வேலைக்கு 720 போதும். 360 பிளாப்பி முழுக்க நிரம்பியிருந்தாலும் 362,496 பைட்தான். 720-இல் 730,112 பைட் இடம். இரண்டு தட்டு ஒன்றில் அடங்கிவிடும், ஆக 20 தட்டு. ஒரு சங்கதியில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள்: இரண்டு வகைக்கும் ரூட் டைரக்டரியில் (தட்டின் மேல்மட்டப் பட்டியலில்) 112 பெயருக்குத்தான் இடம். சின்னச் சின்ன ஃபைல் நிறைய இருந்தால், இடம் பாக்கி இருக்கும்போதே 'ஃபைல் கிரியேஷன் எரர்' என்று நின்றுவிடும். ஒவ்வொரு பழைய தட்டுக்கும் ஒரு சப்-டைரக்டரி போட்டு அதற்குள் காப்பி செய்யுங்கள்.

மாட்டும் முறை: ஏ டிரைவைத் தொடாதீர்கள், பூட் அதிலிருந்தே நடக்கட்டும். பூட் தட்டில் உள்ள கான்பிக்.சிஸ் (CONFIG.SYS) ஃபைலில் இந்த ஒரு வரி:

DRIVPARM=/D:1 /F:2

/D:1 என்றால் பி டிரைவ், /F:2 என்றால் 720. இது டாஸ் 3.2-இலிருந்து உண்டு, உங்கள் 3.3-க்குப் பிரச்சினை இல்லை. சேர்த்தபின் ரீபூட் செய்யாமல் பார்மட் அடிக்க வேண்டாம்.

ஈப்போ ரிப்பேர்:
கேபிளை முதலில் பாருங்கள் தம்பி. 5.25 டிரைவுக்குப் பட்டையான எட்ஜ் கனெக்டர், 3.5-க்கு ஊசி வரிசை. பழைய கேபிள் நேராகச் சேராது. இரண்டு வகைக் கனெக்டரும் உள்ள 34 பின் கேபிள் தேடுங்கள். 10 முதல் 16 வரையுள்ள கம்பிகள் முறுக்கியிருக்கும். முறுக்குக்குப் பிந்தையது ஏ, நடுவில் உள்ளது பி. முறுக்கு உள்ள கேபிளில் இரண்டு டிரைவின் ஜம்பரும் (டிரைவ் எண்ணைக் குறிக்கும் சின்னச் செருகி) இரண்டாம் இடத்தில்தான் இருக்க வேண்டும். பென்டியம் டிரைவ் அப்படியே வந்திருக்கும், தொட வேண்டாம்.

சிவப்புக் கோடு பின் 1 பக்கம். தலைகீழாகக் குத்தினால் கணினியைப் போட்டவுடன் டிரைவ் விளக்கு எரிந்து அணையாமலே நிற்கும். டிரைவ் கெடாது, அணைத்துத் திருப்பி மாட்டினால் சரி. கரண்ட் பிளக் அப்படியில்லை. 3.5-க்குச் சின்ன நாலு பின் பிளக், பெரிய பிளக்கிலிருந்து மாற்றும் அடாப்டர் சில வெள்ளிதான். ஒரு பின் தள்ளியோ தலைகீழாகவோ சொருகினால் 5 வோல்ட் போகும் இடத்தில் 12 வோல்ட் போகும், டிரைவ் அவ்வளவுதான். சிவப்பு 5, மஞ்சள் 12, நடுவில் இரண்டும் கறுப்பு.

பழையஇரும்பு:
தட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 1.44 தட்டில் இரண்டு ஓட்டை இருக்கும். நகரும் மூடி இல்லாத ஓட்டையைப் பார்த்ததும் டிரைவ் தானாக 1.44 நிலைக்கு மாறிவிடும், கண்ட்ரோலர் 250-இல் பேசும், பார்மட் முதல் டிராக்கிலேயே விழும். ஒற்றை ஓட்டை உள்ள 720 தட்டு கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் அந்த ஓட்டையை டேப்பால் மூடுங்கள். நகரும் மூடி உள்ள எழுத்துக்காப்பு ஓட்டையை அல்ல, எதிர்ப்பக்கத்து ஓட்டையை. இது கைமாற்று வேலைக்குத்தான். காந்தப் பூச்சு வேறு, வருடக்கணக்கில் நம்பாதீர்கள். லேப்டாப்பில் படிக்கும்போதும் டேப் இருக்கட்டும். சில யூஎஸ்பி டிரைவ்கள் 1.44 மட்டும்தான் படிக்கும், வாங்குமுன் 720 படிக்குமா என்று கேளுங்கள்.

இன்னொன்று, நம்ம ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை. நடு ஓட்டையைச் சுற்றி வட்டைக் கையால் மெல்லத் திருப்பி, டிரைவின் படிக்கும் தலை தொடும் நீள்துளையில் பாருங்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் டிரைவுக்குள் விடாதீர்கள். ஒரே தட்டு தலையை அடைத்துவிடும், அடுத்து வரும் நல்ல தட்டையும் அது கீறும். பத்துத் தட்டுக்கு ஒருமுறை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தலையைத் துடையுங்கள்.

புதுக்கிராணி:
நன்றி அண்ணே. 1.2 மெகாபைட் 5.25 டிரைவ் ஒன்றும் தருகிறேன் என்கிறார்கள். அதை வேறு கணினியில் போட்டு நேராகப் படித்தால்?

செம்பனை:
படிக்கலாம், எழுதவே கூடாது. அதன் தலை பாதி அகலம்தான், 40 டிராக்குக்குப் பதில் 80. 360 தட்டில் அதனால் எழுதினால் பழைய எழுத்து ஓரத்தில் மிச்சமிருக்கும், அப்புறம் உங்கள் எக்ஸ்டி இரண்டையும் சேர்த்துப் படித்துக் குழம்பும். 40 தட்டுக்கும் எழுத்துக்காப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

எக்ஸ்டியிலேயே முழு 1.44 வேண்டுமென்றால் 500 வேகம் தரும் கார்டும் அதற்கான பயோஸ் ரோமும் வேண்டும். 16 பிட் ஐஓ கார்டுகள் பலவற்றில் பிளாப்பி பகுதி 8 பிட் ஸ்லாட்டிலும் ஓடும், ஹார்ட் டிஸ்க் பகுதிதான் ஓடாது. 20 தட்டுக்காக அந்தத் தலைவலி வேண்டாம்.

ஈப்போ ரிப்பேர்:
பழைய பி டிரைவை வீசிவிடாதீர்கள். ஏ படுத்துவிட்டால் அதுதான் கைகொடுக்கும். ஏ-ஆக மாட்டும்போது டெர்மினேட்டர் ரெசிஸ்டர் (கேபிள் முனையில் சிக்னலை ஒழுங்காக முடித்துவைக்கும் பாகம்) அதில் இருக்கிறதா பாருங்கள், கேபிள் கடைசியில் உள்ள டிரைவில் அது இருக்க வேண்டும்.