அரசு இல்லாவிட்டால் அடித்துக்கொள்வோம் என்ற ஹாப்ஸின் வாதம் சரியா?

வியாசர்பாடிக்காரன்:
2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் இல்லை, போலீஸ் இல்லை, கேட்க நாதி இல்லை. ஆனாலும் யாரும் யாரிடமும் பிடுங்கவில்லை. மொட்டை மாடியில் ஒரே அடுப்பில் சமைத்தோம், படகில் வந்த பால் பாக்கெட்டைக் கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு முதலில் கொடுத்தோம். அரசு இல்லாத நிலை என்றால் எல்லோருக்கும் எல்லோரோடும் போர் என்று ஆங்கிலேயத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் 1651-இல் எழுதினாரே, அவர் மனிதனைத் தப்பாக எடைபோட்டாரா? டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறேன், கைடில் இரண்டு வரிதான் இருக்கிறது.

தண்டையார்பேட்டை:
தம்பி, மனிதன் பிறவியிலேயே கெட்டவன் என்று ஹாப்ஸ் சொல்லவில்லை. எப்பேர்ப்பட்ட பலசாலியையும் ஒரு நோஞ்சான் சூழ்ச்சி செய்தோ ஆள் சேர்த்தோ கொன்றுவிட முடியும், அதனால் எல்லோருக்கும் பயம், பயத்தில் முந்திக்கொண்டு அடிப்பான் என்பதுதான் வாதம். 1649-இல் மன்னர் தலையையே வெட்டிய இங்கிலாந்து உள்நாட்டுப் போர்க் காலத்து ஆள் அவர். உங்கள் தெருவில் அந்தப் பயம் வரவில்லை, ஏனென்றால் தண்ணீர் வடிந்ததும் அதே முகங்களோடுதான் வாழ வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்.

காசிமேடு:
நான் ஹாப்ஸுக்கு அடுத்து வந்த ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக் பக்கம். அரசு வருமுன்பே மனிதனுக்கு நியாயம் தெரியும், ஆனால் தன் வழக்குக்குத் தானே நீதிபதி ஆனால் தகராறு தீராது என்கிறார். கடலில் வலைமேல் வலை விழுந்து அறுந்தால் இரண்டு பேருக்குமே தன் பக்கம்தான் நியாயம், அதற்குத்தான் ஊர்ப் பஞ்சாயத்து உட்கார்ந்து அபராதம் போடுகிறது. இரண்டு குப்பத்துக்கு நடுவே சண்டை என்றால் ஒரு ஊர்த் தீர்ப்பை இன்னொரு ஊர் ஏற்காது. அரசு தேவைப்படுவது அங்கேதான். சொத்தைக் காப்பதே அரசின் வேலை என்று லாக் சொல்வதில்தான் எனக்குக் குறை, சொத்தே இல்லாதவன் என்ன செய்வான்?

புளியந்தோப்பு:
காசிமேடு அண்ணா கேட்டதை 1755-இலேயே தத்துவவாதி ரூசோ கேட்டுவிட்டார். நிலத்துக்கு வேலி போட்டவன், வேலியைக் காக்க மற்றவர்களையும் சம்மதிக்க வைத்த ஏற்பாடுதான் அரசு என்றார். அவருக்கு வெகுகாலம் முன்பே பௌத்தர்களின் தீக நிகாயம் என்ற புத்தர் உரைத் தொகுப்பில் ‘அக்கஞ்ஞ சுத்தம்’ என்ற உரை இருக்கிறது, அவசியம் படியுங்கள். தானாக விளைந்த நெல்லை ஒருவன் சோம்பலில் இரண்டு வேளைக்கும் சேர்த்து அள்ளி வருகிறான், அதைப் பார்த்து எல்லோரும் பதுக்குகிறார்கள், நெல் குறைகிறது, வயலைப் பங்கு போடுகிறார்கள், திருட்டு வருகிறது. அப்புறம்தான் ஒருவனைத் தேர்ந்தெடுத்து, நெல்லில் பங்கு தருகிறோம், தப்பு செய்தவனைத் தண்டி என்கிறார்கள். அவன் பெயர் மகாசம்மதன். கரண்ட் இல்லாத தெருவில் பாலைப் பதுக்கி என்ன பயன்? குணத்தை மட்டும் பார்க்காமல் பதுக்க வழி இருந்ததா என்றும் பாருங்கள்.

தண்டையார்பேட்டை:
பரீட்சைக்குக் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தையும் சேர்த்துக்கொள், தம்பி. பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும் நிலை தாங்காமல் மக்கள் மனுவை அரசனாக்கி, தானியத்தில் ஆறில் ஒரு பங்கு கொடுத்தார்கள் என்று அதில் வருகிறது. ஆனால் அதைச் சொல்வது யார் தெரியுமா? மக்கள் கூட்டத்தில் கலந்து பேச அனுப்பப்படும் அரசனின் ஒற்றர்கள். அந்த இடத்தை விடாமல் படி.