பாப் ஃபெல்லர் கையெழுத்திட்ட பேஸ்பால்: பரவும் பழுப்புப் புள்ளிகளை எப்படி நிறுத்துவது?

கிளீவ்லாந்து அணியின் புகழ்பெற்ற பந்துவீச்சாளர் பாப் ஃபெல்லர் கையெழுத்திட்ட, என்னிடம் உள்ள பேஸ்பாலில் பழுப்புப் புள்ளிகள் பரவிக்கொண்டே போகின்றன. ஆறு மாதங்களுக்கு முன் கடுகளவில் இரண்டு இருந்தன. இன்று எண்ணினால் ஏழு. அதில் ஒன்று பெயரின் கடைசி எழுத்தைத் தொட்டுவிட்டது.

பந்து ராலிங்ஸ் தயாரிப்பு, அமெரிக்கன் லீக்குக்கு (அமெரிக்காவின் இரு முதன்மை பேஸ்பால் லீக்குகளில் ஒன்று) உரியது, மாட்டுத்தோல். லீக் தலைவர் பாபி பிரவுனின் பெயர் அச்சாகியிருப்பதால் 1984க்கும் 1994க்கும் இடைப்பட்டது. தையல் வரிசைகள் நெருங்கி வரும் இடத்தில், நீலப் பால்பாயின்ட் பேனாவில் கையெழுத்து. ஃபெல்லர் கேட்டவர்களுக்கெல்லாம் சலிக்காமல் கையெழுத்திட்டவர்; பெரிய விலை போகாது என்பது தெரியும். விலைக்காக நான் கவலைப்படவில்லை. கிளீவ்லாந்தில் என்னை முதன்முதலில் ஆட்டம் பார்க்க அழைத்துச் சென்ற அலுவலக நண்பர், ஓய்வு பெற்ற நாளில் என் உள்ளங்கையில் வைத்து மூடிய பந்து இது.

இரண்டு ஆண்டுகள் வீட்டின் நிலவறையில் வைத்திருந்தேன். ஈரப்பதம் 65 விழுக்காடு என்பது அளந்த பிறகுதான் தெரிந்தது. மார்ச்சில் மேல்மாடிக்கு மாற்றினேன், இப்போது 45. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் பெட்டி, ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பை இரண்டும் வைத்தாயிற்று. கையெழுத்து இல்லாத பக்கத்தில் உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றிப் பார்த்தேன், புள்ளி அசையவில்லை. ஒரு கடைக்காரர் ப்ளீச் தடவச் சொன்னார். மை போய்விடும் என்று மறுத்துவிட்டேன்.

மையில் கை வைக்காமல் இப்படிப்பட்ட புள்ளிகள் பரவுவதை நிறுத்தியவர்கள் இருந்தால், எந்த முறையில் நிறுத்தினீர்கள்?