மறுமொழி: மெழுகும் கிராஃபைட்டும் சேர்ந்ததற்குப் பெயர்

வணக்கம். மின்னணுக் கருவிக்குள் சூட்டை வாங்கிக்கொள்ள வைக்கும், மெழுகும் கிராஃபைட்டும் சேர்ந்த பொருளைத் தமிழில் எப்படி அழைக்கலாம் என்று இங்கே கேட்டிருந்தார்கள்.

அதற்கு ஐயா ஒருவர் சொன்ன 'வெப்பந்தாங்கி' வாய்க்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் தாங்குவது என்றால் சூட்டுக்கு அசையாமல் நிற்பது. அது அடுப்புச் செங்கல் பார்க்கிற வேலை. மின்னணுக் கருவிக்குள் வைக்கும் இந்தப் பொருளுக்கு உருகுவதுதான் வேலையே.

ஊட்டியில் வாங்கிய சாக்லேட் மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் குழைந்துபோவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அசல் கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகும். உருகி முடியும்வரை வருகிற சூடெல்லாம் அதற்கே செலவாவதால் வெப்பநிலை அவ்வளவாக ஏறாது. கருவிகளில் அந்த இடத்தில் பாரஃபின் மெழுகு. ஒரு கிலோ உருகச் சுமார் 200 கிலோஜூல் வேண்டும். அப்படியானால் 10 கிராம் மெழுகு 2,000 ஜூலை வாங்கிக்கொள்ளும். கருவியின் சில்லு (சிப்) 2 வாட் மிகையாகச் சுட்டால் 1,000 நொடி, கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் சமாளிக்கலாம். ஒரு வீடியோ அழைப்பு முடிந்துவிடும்!

மெழுகு மட்டும் போதாது. அது வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். சில்லை ஒட்டிய ஓரம் உருகிய பின்னும் அப்பால் கட்டியாகவே கிடக்கும். அதனால் நுண்துளை நிறைந்த கிராஃபைட்டில் அதை ஊறவைக்கிறார்கள். கிராஃபைட் சூட்டைப் பரப்பும், உருகிய மெழுகை ஒழுகவிடாமல் பிடித்தும் வைக்கும். இரண்டும் தனித்தனியாக இருந்துகொண்டே சேர்ந்து உழைப்பதால் 'கலவை' வேண்டாம், 'கூட்டுப்பொருள்' சரி.

'உருகி' என்று சுருக்கலாமே என்று குன்னூர் அம்மா கேட்டிருந்தார். அந்தச் சொல் ஃபியூசுக்குப் போய்விட்டதே அம்மா. ஃபியூஸ் ஒருமுறை உருகினால் தூக்கிப்போட வேண்டியதுதான். நம்முடையது கருவி ஆறும்போது உறைந்து, வாங்கிய வெப்பத்தைத் திருப்பித் தந்துவிட்டு மறுபடி தயாராகிவிடும். விழுங்கியது திரும்பாது என்பதால்தான் 'வெப்பவிழுங்கி' என்ற இன்னொரு யோசனையையும் ஒதுக்குகிறேன்.

வாங்கி வைத்துத் திருப்பித் தருவதற்கு நம்மிடம் ஏற்கெனவே 'மின்தேக்கி' (கெப்பாசிட்டர்) இருக்கிறது. அந்த வழியில் 'வெப்பத்தேக்கி' என்கிறேன். பைக்காராவில் தண்ணீரைத் தேக்கி மின்சாரம் எடுக்கிற மலையில் இருந்துகொண்டு இந்த வினையை விட மனமில்லை. சூரிய வெந்நீர்த் தொட்டியும் வெப்பத்தேக்கிதானே என்பீர்கள். நியாயம். அதனால் பொருள்விளக்கத்தில் பாடநூலின் 'உள்ளுறை வெப்பம்', அதாவது வெப்பநிலையை ஏற்றாமல் உருகுவதற்கே செலவாகும் வெப்பம், கட்டாயம் வரட்டும்.

முழுப்பெயர்: வெப்பந்தேக்கு கூட்டுப்பொருள். வினைத்தொகை என்பதால் நடுவில் 'க்' போட வேண்டாம். போட்டால் தேக்கு மரத்தில் செய்தது என்று யாராவது நினைக்கக்கூடும்.

கோத்தகிரியிலிருந்து